ஒரு கதவை ஒருமுறை வரைந்தால் போதும்

கூரம் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆறாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன் சேர்ந்தான். வராந்தாவுக்கு ஏற மூன்று படிகள். தினமும் காலையில் அவனுடைய பாட்டி அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பெரிய வகுப்புப் பையன்கள் இருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். மாலையில் அதே வேலை தலைகீழாக நடக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சாய்தளம் கேட்டுத் தீர்மானம் போடலாம் என்று முடிவானது. “படம் ஒன்று கையில் இருந்தால் பேச வசதியாக இருக்கும்” என்றார் தலைமை ஆசிரியர். ஹைடெக் ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வரைந்து தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். கணினி வரைபட மென்பொருளை விடுமுறையில் ஓரளவு கற்றிருந்தேன் என்ற தைரியம்தான்.

பிள்ளைகள் நாடாவைப் பிடித்துப் பள்ளியை அளந்தார்கள். ஆறு வகுப்பறைகள், பன்னிரண்டு கதவுகள், இருபத்து நான்கு சன்னல்கள். மூன்று வாரங்கள், மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து வரைந்தார்கள். படம் முடிந்தது. கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது படத்தைப் பார்த்த கட்டடப் பொறியாளர் ஒருவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “சாய்தளத்தில் ஏறி வருகிறான், சரி. கதவுக்குள் நுழைய வேண்டாமா?”

எங்கள் கதவுகளின் இடைவெளி 80 செ.மீ. சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 90 செ.மீ. வேண்டும். கதவுகளையும் அகலப்படுத்தக் கேட்பதென்றால், படத்தில் பன்னிரண்டு கதவுகளையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் சுவர்க்கோடுகளை வெட்டி, பலகையை அழித்து, திறக்கும் வளைவை மறுபடி போட வேண்டும். அதிகம் உழைத்திருந்த மாணவி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “மறுபடியும் முதல்லேருந்தா மிஸ்?” அவள் கண் கலங்கியிருந்தது.

தவறு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதைப் புரியவைத்தவர் அன்று மாலை அவளை அழைத்துப்போக வந்த அவளுடைய அப்பா.

தறி சொன்ன பாடம்

அவர் பட்டு நெசவாளர். மகள் ஏன் முகம் வாடியிருக்கிறாள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். திரையில் இருந்த பன்னிரண்டு கதவுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “எல்லாக் கதவும் ஒண்ணுதானே டீச்சர்? அப்புறம் எதுக்குப் பன்னெண்டு தடவை வரையறீங்க? எங்க தறியில ஒரு புட்டாவுக்கு ஒரு தடவைதான் அட்டை அடிக்கிறது. அப்புறம் அது பாட்டுக்குச் சுத்திச் சுத்தி வரும்” என்றார்.

ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். புடவையில் வரும் பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் எழுதுவார்கள். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. அட்டைகளைக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால், ஒரு பூ முடிந்ததும் மீண்டும் முதல் அட்டை வந்து அடுத்த பூ தொடங்கும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய முறை இது. ஒரு பூவை எழுதும் உழைப்பு ஒருமுறைதான்; புடவை முழுதும் அது திரும்ப வரும்.

கணினி வரைபடத்தில் திறமையாக வேலை செய்வது என்பதன் சாரமும் இதுதான். நான் பிள்ளைகளுக்குக் கோடு, வட்டம், செவ்வகம் என்று கருவிகளை வரிசையாகக் கற்றுக்கொடுத்திருந்தேன். வரையக் கற்றுக்கொடுத்தேனே தவிர, திரும்ப வரையாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. விரல் வேகம் உள்ள பிள்ளை முன்னால் போனது. மற்றவர்கள் தங்களுக்கு இது வராது என்று ஒதுங்கினார்கள். ஒரு மாற்றம் வந்ததும் வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

மறுநாள் புதிய கோப்பைத் திறந்து முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டு நாளில் படம் முடிந்தது. அந்த இரண்டு நாளில் நாங்கள் பின்பற்றியவற்றை, உங்கள் வகுப்பில் செய்துபார்க்க வசதியாக இங்கே தருகிறேன். நாங்கள் பயன்படுத்தியது லிப்ரேகேட். இது கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருள்; லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்கும். ஆட்டோகேட் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிகள் பொருந்தும்.

சுட்டியைத் தொடும் முன் மூன்று கேள்விகள்

முதல் பத்து நிமிடம் யாரும் கணினியைத் தொடக்கூடாது என்றேன். தாளில் கைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன். இதில் எது திரும்பத் திரும்ப வருகிறது? எது பாதி வரைந்தால் மீதி தானாக வரும்? எது நாளை மாறக்கூடும்?

கதவும் சன்னலும் திரும்ப வருகின்றன என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும், “வகுப்பறையே திரும்ப வருது மிஸ்” என்றான். ஆறு அறைகளும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. மூன்று வாரம் அவற்றை நாடா பிடித்து அளந்தும் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

உண்மை அளவில் வரைவது

தாளில் வரையும்போது முதலில் அளவுத்திட்டம் முடிவு செய்கிறோம். கணினியில் அது கடைசி வேலை. 6 மீட்டர் சுவரை 6000 மி.மீ. என்றே வரைய வேண்டும். அச்சிடும்போது மட்டும் 1:100 என்று கொடுத்தால் போதும். எங்கள் கட்டடத்தின் நீளம் 37 மீட்டர். 1:100இல் அது 370 மி.மீ. ஆகிறது, 420 மி.மீ. அகலமுள்ள ஏ3 தாளில் அடங்கும்.

எழுத்துகளில்தான் பலரும் தடுமாறுவார்கள். அச்சில் 2.5 மி.மீ. உயரத்தில் எழுத்து தெரிய வேண்டுமானால், 1:100 படத்தில் அதை 250 மி.மீ. உயரத்தில் எழுத வேண்டும். விகிதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

கண்ணால் வைக்காமல் எண்ணால் வைப்பது

சுட்டியால் சுமாராக ஓர் இடத்தைச் சொடுக்கி, பிறகு அதை இழுத்துச் சரிசெய்வதில்தான் அதிக நேரம் போகிறது. அதற்குப் பதில் எண்களைத் தட்டச்சு செய்யலாம். ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 6000, மேலே 0 என்று கொடுத்தால் கோடு அங்கேயே போய் நிற்கும். மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியை எண்களுக்கு முன்னால் போட்டால், கடைசிப் புள்ளியிலிருந்து கணக்கிடு என்று பொருள். ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியல் இங்கே கைக்கு வருகிறது. தளத்தில் ஒரு புள்ளியை ஏன் இரண்டு எண்களால் குறிக்கிறோம் என்று இப்போது எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

இதற்குத் துணையாக இருப்பது ஸ்னாப். கோட்டின் முனை, நடுப்புள்ளி, வெட்டும் புள்ளி, வட்ட மையம் ஆகியவற்றை மென்பொருளே பற்றிக்கொள்ளும். ஸ்னாப் இல்லாமல் வரைந்த மூலை பார்க்கச் சேர்ந்ததுபோல் இருக்கும்; பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். பரப்பளவு காணும்போதோ, உள்ளே நிறம் நிரப்பும்போதோ அந்த இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

பாதி வரைந்தால் முழுதாகும்

பிரதிபலிப்பும் சுழற்சியும் நம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். வரைபட மென்பொருளில் அவை உழைப்பைப் பாதியாக்கும் கருவிகள். இதைக் காட்ட எங்கள் ஊர்க் கோயிலையே எடுத்துக்கொண்டேன். கூரத்தில் உள்ள சிவன் கோயில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. அவனுடைய கூரம் செப்பேடு இதை வித்யாவிநீத பல்லவ பரமேச்சுவர கிருகம் என்று குறிப்பிடுகிறது. கருவறையின் பின்பக்கம் அரைவட்டமாக வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முன்னால் செவ்வகம், பின்னால் அரைவட்டம்.

அளவை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அகலம் 4 மீட்டர் என்றால் பின்வளைவின் ஆரம் 2 மீட்டர். நடுவே ஓர் அச்சுக் கோடு போட்டு, ஒரு பக்கச் சுவரையும் கால்வட்டத்தையும் மட்டும் வரைந்து, அச்சைப் பற்றிப் பிரதிபலித்தால் முழு வடிவம் வந்துவிடும். சுவரின் தடிமனுக்கு இன்னொரு கோடு வரைய வேண்டியதில்லை. இருக்கும் கோட்டுக்கு இணைகோடு கேட்டால் வளைவும் சேர்ந்தே வரும்.

அடுத்து, புடவையில் வரும் தாமரை. எட்டு இதழ்கள். ஒவ்வோர் இதழுக்கும் இரண்டு வளைவுகள் என்றால் மொத்தம் பதினாறு. ஒரு வளைவை வரைந்து பிரதிபலித்தால் ஓர் இதழ். அதை மையத்தைச் சுற்றி 45 பாகை இடைவெளியில் எட்டு முறை சுழற்றி அடுக்கினால் பூ முழுதாகும். பதினாறு வேலை மூன்றாகச் சுருங்கியது. 45 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 360ஐ 8ஆல் வகுத்ததாகப் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

பிளாக்: மாற்றம் வந்தாலும் கலங்க வேண்டாம்

பிரதி எடுப்பதற்கும் பிளாக் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கதவை வரைந்து பதினோரு பிரதி எடுத்தால் வரையும் நேரம் மிச்சம். ஆனால் அவை பன்னிரண்டு தனித்தனிக் கதவுகள். மாற்றம் வந்தால் பன்னிரண்டு முறை திருத்த வேண்டும். அந்தக் கதவுக்குப் பெயர் கொடுத்து பிளாக் ஆக்கி, பன்னிரண்டு இடங்களில் செருகினால், மூலத்தை ஒருமுறை திருத்தியதும் எல்லாம் மாறிவிடும்.

இந்த எண்ணம் கணினி வரைபடத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தமது ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாக வரையும் அந்த நிரலிலேயே மூலப்படம் ஒன்று, அதன் தோற்றங்கள் பல என்ற ஏற்பாடு இருந்தது. மூலத்தை மாற்றினால் தோற்றங்கள் எல்லாம் மாறும்.

எங்கள் படத்தில் கதவு ஒரு பிளாக், சன்னல் ஒரு பிளாக். அவற்றைக் கொண்ட வகுப்பறையே ஒரு பெரிய பிளாக். அந்த அறையை ஆறு முறை செருகினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கதவை அகலமாக்கினால் மட்டும் போதாது. சுவரில் விட்ட இடைவெளியும் அகல வேண்டும். சுவர் அறை பிளாக்குக்குள் இருந்ததால் அதையும் ஒரே அறையில் திருத்தினோம். பன்னிரண்டு கதவுகளை மாற்றும் வேலை, கதவு பிளாக்கில் ஒரு திருத்தம், அறை பிளாக்கில் ஒரு திருத்தம் என்று முடிந்தது. முந்தின நாள் கண் கலங்கிய மாணவிதான் அதைச் செய்தாள். ஆறு அறைகளும் ஒரே நொடியில் மாறியதும் வகுப்பே கைதட்டியது.

லேயர்: பிரித்து வைத்தால் யோசிக்க இடம் கிடைக்கும்

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போன்றது. சுவர் ஒன்றில், கதவும் சன்னலும் ஒன்றில், அளவுகள் ஒன்றில், மரமும் குழாயும் ஒன்றில் என்று பிரித்தோம். வேண்டாததை மறைக்கலாம், தொடக்கூடாததைப் பூட்டலாம். நிறத்தையும் கோட்டின் தடிமனையும் ஒவ்வொரு கோட்டுக்கும் தராமல் லேயருக்கே கொடுத்துவிட்டால், பிறகு ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இதன் முழுப் பயனைச் சாய்தளம் வரையும்போதுதான் கண்டோம். சாய்வு 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. மூன்று படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. எனவே 45 × 12 = 540; நீளம் 5.4 மீட்டர் வேண்டும். ஆனால் படிகளுக்கு நேரே 4 மீட்டரில் வேப்பமரம் நிற்கிறது.

“4 மீட்டர்லயே முடிச்சிடலாம் மிஸ்” என்றது ஒரு குழு. கணக்கிட்டுப் பார்த்தார்கள்: 400ஐ 45ஆல் வகுத்தால் 9க்கும் குறைவு. அந்தச் சாய்வில் அவன் தானாக ஏற முடியாது. பாட்டி பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கும். நேராக 5.4 மீட்டர் போடலாம், மரத்தை வெட்டிவிடலாம் என்றது இன்னொரு குழு. மூன்றாவது குழு சாய்தளத்தைத் திருப்பியது: வராந்தாவிலிருந்து வெளியே 1.8 மீட்டர், அதில் 15 செ.மீ. இறக்கம். பிறகு நாற்காலியைத் திருப்ப 1.5 மீட்டர் சதுரமாகச் சமதளம். அங்கிருந்து பக்கவாட்டில் 3.6 மீட்டர், மீதி 30 செ.மீ. இறக்கம். வெளியே நீட்டுவது 3.3 மீட்டர்தான் என்பதால் மரம் தப்பியது.

மூன்றையும் மூன்று லேயர்களில் வரைந்து, ஒவ்வொன்றாகக் காட்டியும் மறைத்தும் ஒரே பாடவேளையில் விவாதித்தோம். பழைய முறையில் வரைந்திருந்தால் முதலில் தோன்றிய ஒரே யோசனையோடு நின்றிருப்போம். திரும்ப வரைய வேண்டுமே என்ற பயம் இருக்கும்போது, யாரும் இரண்டாவது யோசனையைத் தேடுவதில்லை.

குறுக்குவிசைகள் கடைசியில்

பலரும் குறுக்குவிசைகளில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவை பயன் தருபவைதாம், ஆனால் வேலை முறை பழகிய பின் கற்றால் போதும். லிப்ரேகேடில் கோட்டுக்கு எல்-ஐ, வட்டத்துக்கு சி-ஐ, பிரதிபலிப்புக்கு எம்-ஐ என்ற ஆங்கில எழுத்துகள். ஆட்டோகேடில் கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, பிரதிபலிப்புக்கு அதே எம்-ஐ. ஆட்டோகேடில் இடைவெளி விசையை அழுத்தினால் கடைசியாகக் கொடுத்த கட்டளை திரும்ப வரும். ஒரு கை சுட்டியில், ஒரு கை விசைப்பலகையில் என்று பழக்கினால் வேகம் தானே வரும். ஒரு வாரத்துக்கு ஐந்து கட்டளைகள் போதும்.

இன்னும் இரண்டு பழக்கங்கள். லேயர்கள், அலகு, எழுத்தளவு, பள்ளியின் பெயர்க்கட்டம் எல்லாம் அமைத்த வெற்றுக் கோப்பு ஒன்றை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படத்துக்கும் கால்மணி நேரம் மிச்சமாகும். நாள் முடிவில் தேதியிட்ட பெயரில் ஒரு பிரதி சேமிக்க வேண்டும். மின்தடை வரும் ஊரில் இதை மறக்கக்கூடாது.

வகுப்பறைக்கு என்ன பயன்?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதற்குக் கணினியைத் தேட வேண்டியதில்லை. காகிதத்தை மடித்துக் கோலத்தின் கால்பகுதியை மட்டும் வரையச் சொல்லி விரித்துக் காட்டலாம். எது திரும்ப வருகிறது என்ற கேள்வி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். உயர்நிலை வகுப்புகளில் ஆயத்தொலை வடிவியல், விகிதம், உருமாற்றங்கள் ஆகியவற்றுக்கு ஓர் உண்மையான படத்தைக் கொடுங்கள். வகுப்பறை, நூலகம், சத்துணவுக்கூடம் என்று எதுவும் ஆகலாம். படம் முடிந்ததும் ஒரு மாற்றம் கேளுங்கள். பிள்ளைகள் எப்படி வரைந்தார்கள் என்பது அப்போது தெரியும். மதிப்பெண்ணையும் அந்த மாற்றத்துக்குக் கொடுக்கலாம்.

எங்கள் படத்தைக் குழுக் கூட்டத்தில் அந்த மாணவியே விளக்கினாள். கல்வி நிலையக் கட்டடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதைத் தலைமை ஆசிரியர் எடுத்துச் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. கோடை விடுமுறையில் சாய்தளம் கட்டி முடிந்தது. கதவுகளில் இரண்டு அறைகளுடையவை மட்டும் இதுவரை அகலமாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று இப்போது அவனுடைய வகுப்பு. மற்ற எட்டுக் கதவுகளுக்கான படம் கோப்பில் தயாராக இருக்கிறது.

பள்ளி திறந்த அன்று பாட்டி வழக்கம்போல் அவனைத் தூக்கக் குனிந்தார். “வேணாம் ஆயா” என்று சொல்லிவிட்டு, அவன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு மேலே போனான். பாட்டி கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.